கரியப்பன் வாங்கிய அறுநூறு வாட்

கரியப்பனைச் செவிடன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடம் விசைத்தறிகளுக்கு நடுவே நிற்க வைத்து, காதில் அடைக்க ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கொடுக்காத முதலாளியை மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அந்தப் பட்டுப் பட்டறையில்தான் நானும் குமாஸ்தா. கரியப்பன் கன்னட எல்லையோர ஹனூர்க்காரர், மூக்குக்கு மேல் கோபம்.

ஏழு மாதம் முன்பு பம்பாயில் கட்டிக்கொடுத்த மகள் மீனா, மாதம் ஒரு கேசட்டில் பேசி அனுப்புவாள். இவருக்கும் மனைவி வடிவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பழைய டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் மகள் குரல் இவருக்கு வெறும் முனகலாகத்தான் கேட்கும். வடிவு காதருகே வந்து, "நல்லா இருக்காளாமுங்க" என்பார். இவர் சிரித்தபடி தலையாட்டுவார். மறுநாள் பட்டறை முழுக்க அதே பேச்சுதான்.

மகள் பேசுவதைத் தன் காதாலேயே கேட்க வேண்டும் என்று, 94 தீபாவளி போனஸில் ஸ்பீக்கர் செட் வாங்கக் கிளம்பினார். இருப்பதே போதும் என்று வடிவு மல்லுக்கு நின்றார். இவர் கேட்கவில்லை.

அக்ரஹாரம் கடைவீதியில் இருந்த ஸ்பீக்கர் கடைக்கு அழைத்துப்போன மடையன் நான்தான். கடைக்காரன் தீபக் ஒரு குத்துப்பாட்டைப் போட்டு அலறவிட்டான்.

"நெஞ்சுல வந்து இடிக்குதுங்க! இதுதான் வேணும்" என்றார் கரியப்பன்.

தறிக்காரர் காதுக்கு இடிதான் எட்டும். பேச்சைப் போட்டுக் காட்டு என்று கேட்க எனக்காவது புத்தி வந்திருக்க வேண்டும். 'அறுநூறு வாட்' ஸ்டிக்கரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வாங்கிய நாலாம் நாள் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். "மீனா பானைக்குள்ள இருந்து பேசறாப்பல இருக்குதுங்க!" ஸ்க்ரூ டிரைவரால் திறந்தோம். முகப்பில் மூன்று ஸ்பீக்கர்கள். ஒயர் இருந்ததோ பெரியது ஒன்றுக்குத்தான். குரலைத் தெளிவாக்கும் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் ஒட்டிவைத்த வெறும் பிளாஸ்டிக்.

ஞாயிற்றுக்கிழமை வடிவையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம்.

"இந்த ரேட்டுக்கு இப்படித்தான் வரும் யஜமான்ரே. ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடிக்கோங்க" என்று கன்னடம் கலந்து, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்லிச் சிரித்தான் தீபக்.

கரியப்பன் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். நான் விலக்கிவிடவில்லை, பிடிக்கட்டும் என்றே நின்றேன். பயந்துபோனவன் உள்ளிருந்து ஒரு சின்ன ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான். "இதுல குத்து வராது. பேச்சு சுத்தமா கேக்கும்."

"மீனா கேசட்டக் குடு, வடிவு."

வடிவு பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேற பாட்டு ஏதாச்சும் போட்டுப் பாருங்க." இவர் பையைப் பிடுங்கிக் கேசட்டை எடுத்துக் கொடுத்தார்.

கடை முழுக்கக் கேட்டது. "அப்பா, நேத்தும் அவரு அடிச்சுட்டாருங்கப்பா. ஒவ்வொரு கேசட்லயும் சொல்றனே, ஏனுங்கப்பா வரல? வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க."

கரியப்பன் வடிவின் பக்கம் திரும்பினார். "ஏண்டி சொல்லல?"

"நீங்க போயி அவன வெட்டிப்போட்டுருவீங்க. உங்க கோவத்துக்குப் பயந்துதானுங்க..." வடிவு அழுதார்.

"ஏழு மாசமா அவ அழுகறத நான் சிரிச்சுக்கிட்டே கேட்டிருக்கறனே!"

தலையில் அடித்துக்கொண்டார். தீபக் மெதுவாக நிறுத்தும் பட்டனுக்குக் கையைக் கொண்டுபோனான்.

"கைய எடுடா" என்றார் கரியப்பன். "முழுசும் ஓடட்டும்."