மிஷின் முன்னால் வரச் சொல்லி வேண்டினேன்

என் மகள் காவியாவுக்கு எட்டு வயது. போன ஐப்பசியில் ஒருநாள் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள், ஊதுகுழலைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். கண் திறந்திருக்கிறது, பார்வை இல்லை. கூப்பிட்டேன், அசையவில்லை. குழல் நழுவி நெருப்பில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி, "என்னம்மா?" என்றாள்.

அப்புறம் அது தினமும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பராக்குப் பார்க்கிறாள் என்று திட்டு வாங்கினாள். வீட்டுக்காரர் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். அவருடைய அண்ணன்தான் எங்கள் மலையில் அரியூர் நாட்டுப் பெரியண்ணசாமி கோயிலில் பூசை செய்பவர். அவர் பார்த்துவிட்டு, "பயப்படாத அம்மிணி, புள்ள மேல பெரியண்ணசாமி வாராரு" என்றார்.

அவ்வளவுதான். குழந்தை நின்றால் போதும், ஊர்க்காரர்கள் ஓடிவந்து வாக்குக் கேட்பார்கள். மரவள்ளி விலை ஏறுமா, மகனுக்குப் பெண் அமையுமா? அவள் பேசமாட்டாள். "சாமி யோசிக்கறாரு" என்பார்கள். நானும் பாதி நம்பினேன். ஆனால் ஒருநாள் கிணற்றுப் படியில் இறங்கும்போது அப்படி நின்றாள். பாய்ந்து பிடித்தேன். நான் கும்பிடும் சாமி தன் பிள்ளையைக் கிணற்றுப் படியில் நிறுத்தி வேடிக்கை பார்ப்பாரா? அன்றைக்கே முடிவு செய்தேன்.

சேலத்து டாக்டர் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "இது வலிப்புல ஒரு வகையா இருக்கலாம்மா. மூளையில ஓடற மின்சாரத்தை எழுதிப் பாக்கணும். எந்த வகைன்னு தெரிஞ்சாத்தான் சரியான மருந்து" என்றார்.

டெஸ்டுக்கு வரச் சொன்ன நாளில் நான் என்ன செய்தேன் தெரியுமா? மலை இறங்கி நாலு பேர் முன்னால் போகிறோமே, பரட்டைத் தலையோடு போகலாமா என்று, விளக்கெண்ணெய் வழிய வழியத் தேய்த்து இரட்டைச் சடை பின்னிக் கூட்டிப்போனேன். டெஸ்ட் எடுக்கிற அம்மா தலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இந்தத் தலையில ஒயரு எப்படிங்க ஒட்டும்? கோடெல்லாம் கன்னாபின்னான்னு ஆடுமுங்க."

ஆஸ்பத்திரிக் குழாயடியில் ஷாம்பு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தேன். துவட்டிக் காயவைத்த பிறகு, பசை தடவி, பொத்தான் மாதிரி சின்னச் சின்னதாகத் தலை முழுக்க ஒட்டினார்.

"ஷாக் அடிக்காதுங்களா?"

"இல்லீங்க. நாங்க எதையும் உள்ள அனுப்பறதில்லீங்க. உள்ள நடக்கறத எழுதிக்கறது மட்டுந்தான்."

திரையில் கோடு கோடாக ஓடியது. திடீரென்று ஒரு கோடு துள்ளியது. நான் எழுந்தே விட்டேன். "கண்ணச் சிமிட்டுச்சுங்க. அதுக்கும் ஆடும், அது நோவு இல்ல" என்றார். அப்புறம் கோடுகள் சாதுவாக ஓடிக்கொண்டே இருந்தன. "இதுவரைக்கும் நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார்.

நோய் இல்லை என்று காகிதம் வந்தால் ஊரில் என்ன சொல்வார்கள்? மறுபடியும் வாக்கு, மறுபடியும் கிணற்றுப் படி. கண்ணை மூடிக்கொண்டேன். "பெரியண்ணா, இத்தனை நாள் இந்த நோவு வரவேண்டாம் வரவேண்டாம் என்று உன்னிடம் அழுதேன். இப்போது வரச் சொல்லு. இந்த மிஷின் பார்க்கும்போதே வரச் சொல்லு சாமி."

கண்ணைத் திறக்கிறேன், அந்த அம்மா ஒரு காகிதக் காற்றாடியைக் குழந்தையின் முன்னால் நீட்டுகிறார். "கண்ணு, இத விடாம வேகமா ஊது பாக்கலாம்." எல்லாக் குழந்தைக்கும் அவர் செய்கிறதுதானாம். இருக்கட்டும்!

காவியா ஊதினாள். ஊதினாள். காற்றாடி சுற்றியது. சட்டென்று நின்றது. அவள் கண் நிலைகுத்தியது. அதே நேரம் திரையில் அத்தனை கோடும் ஒன்றாக எழுந்தது! ஒரு முள், ஒரு மேடு, ஒரு முள், ஒரு மேடு என்று வரிசை பிடித்து ஓடியது. நான் கை தட்டிக் கத்திவிட்டேன். "வந்துருச்சு! வந்துருச்சு சாமி!"

"ஏனுங்க, புள்ளைக்கு வலிப்பு வந்திருக்குது, நீங்க கும்மாளம் போடறீங்க?" என்று அவர் அதட்டினார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

டாக்டர் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் வகையைச் சொல்லிவிட்டார். வேகமாக ஊதினால் இது வருமாம், அதுதான் அடுப்படியில் வந்திருக்கிறது. மருந்து எழுதிக் கொடுத்தார். நிறையப் பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும், நாமாக மருந்தை நிறுத்தக் கூடாது என்றார். தை பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட வரவில்லை. என் குழந்தை முழு நாளும் என்னோடு இருக்கிறாள். இந்தச் சந்தோஷத்தை நான் யாரிடம் சொல்லித் தீர்ப்பேன்!

வீட்டுக்காரரின் அண்ணன் வருத்தமாகக் கேட்டார், "அப்ப புள்ள மேல சாமி வரவே இல்லியா?"

"வந்தாருங்க. மிஷின் ரூமுக்கு வந்தாரு" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

சொந்தங்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை இப்படி நின்றால் வாக்குக் கேட்காதீர்கள். விபூதி பூசிக் கும்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறுங்கள். சாமி கூடவே வருவார். எனக்கு வந்தார்.