நான் விழுந்த இடம்

கல்யாணமான மூன்றாம் மாதம் என் வீட்டுக்காரர் என்னைச் சிரம்பானில் நடந்த கேளிக்கைச் சந்தைக்குக் கூட்டிப்போனார். அங்கே பலகைத் தரை போட்ட ஒரு கொட்டகையில், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு சீனப் பிள்ளைகள் வழுக்கிக்கொண்டு போனார்கள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். இப்போது கோலாலம்பூரில் கட்டடத்துக்குள்ளேயே பனித்தரை போட்டிருக்கிறார்கள். முழங்காலுக்கு உறை, தலைக்குத் தொப்பி, பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் கம்பி. எங்கள் கொட்டகையில் ஒரு பக்கம் கம்பியே இல்லை. எனக்குக் கட்டிவிட்ட சக்கரம் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சொன்னேன். வாடகைக்குக் கொடுத்தவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில் அது கழன்றது. வலது கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு போய்விட்டது.

வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். அவன் வாசலில் தொங்கிய ஆங்கிலப் பலகையைக் காட்டினான். விழுந்தால் அவரவர் பொறுப்பு என்று எழுதியிருந்ததாம். எங்கள் இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

மலாயாவில் அவசரகாலம் அது, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை. ஆறு மணிக்குள் திரும்பாவிட்டால் தோட்டத்து முள்கம்பி வேலியின் வாசலைச் சாத்திவிடுவார்கள். தோட்டத்துக்குத் திரும்பும் மம்பாவ் பஸ்ஸில் வரும்போதே அவர் முடிவு செய்துவிட்டார்.

"நாளைக்கு ஆலையில விழுந்தேன்னு சொல்லு. அப்பத்தான் கம்பெனி நஷ்டஈடு கொடுக்கும். இல்லாட்டி சோத்துக்கு என்ன பண்றது லா?"

எனக்கு ரப்பர் ஆலையில் வேலை. கட்டியான பாலை உருளை இயந்திரத்தில் கொடுத்துத் தகடாக்க வேண்டும். ஒரு கையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலியும் கிடையாது. கம்பெனிப் பணம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் நினைத்தேன். மறுநாள் வீங்கிய கையை முந்தானையில் மறைத்துக்கொண்டு போய், நாலு பேர் பார்க்க வழுக்கி விழுந்து அலறினேன். நடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவ்வளவு வலி. மருந்தகத்தில் கட்டுப்போட்ட டிரஸ்ஸர் அந்த வீக்கத்தை ஒரு மாதிரி பார்த்தார். ஆலையில் விழுந்தது என்றே எழுதிக்கொண்டார்.

ஆலையில் ஓடிவந்து என்னைத் தூக்கியவர் அக்கா. கூடப் பிறந்தவர் அல்ல. ஆலைத் தரையைக் கழுவுகிறவர், தோட்டத்து வரிசைவீடான லயத்தில் எனக்கு அடுத்த வீடு. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அன்றிலிருந்து தினமும் காலையில் எனக்குத் தலைசீவிப் பின்னிவிட்ட பிறகுதான் அவர் வேலைக்குப் போவார்.

நான்காம் நாள் ஆபீசில் விசாரணை. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷில் கேட்டார், கணக்கெழுதும் கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"தரையில பால் சிந்திக் கெடந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

என் கவனக்குறைவு என்றால் ஒரு காசும் வராது என்று வீட்டுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஆமாங்க, கெடந்துச்சு. சரியா கழுவல" என்றேன். வாய் கூசவில்லை. அந்த நேரம் அக்காவின் நினைப்பே எனக்கு வரவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய். வந்தது.

பல வருடம் கழித்துத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். வேலை செய்யும் இடத்தில் விழுந்தாலே போதும், நஷ்டஈடு உண்டு, தரையை யார் கழுவினார் என்பதெல்லாம் தேவையே இல்லை என்றார். ஒரு பொய்யே போதுமாக இருந்திருக்கிறது. நான் இரண்டு சொன்னேன்.

அந்த விசாரணை முடிந்ததும் அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலை இல்லாதவருக்கு லயத்தில் வீடு கிடையாது, வேலிக்குள் அளந்து கொடுக்கும் பங்கீட்டு அரிசியும் கிடையாது. சுவா என்ற ஊர்ப்பக்கம் இருந்த தன் தம்பி வீட்டுக்குப் போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. அந்தத் தம்பியின் மனைவி ஏற்கெனவே ஒருமுறை அவரை வாசலோடு திருப்பி அனுப்பியவள். லயம் முழுக்க அது தெரியும்.

அவர் லாரிக்குக் காத்திருந்தபோது, உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சொன்னால் அவர் தங்கலாம். நாங்கள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். பிள்ளைகள் இரண்டும் பாய்ச்சுருட்டின்மேல் உட்கார்ந்திருந்தன. நான் வாயெடுப்பதற்குள், அக்கா என் கட்டுப்போட்ட கையை இரண்டு கையாலும் மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் கழுவுனேன்னு நெனச்சேன் தங்கச்சி. எங்கயோ விட்டுட்டேன் போல. வாழ வேண்டிய புள்ள கைய ஒடச்சிப்புட்டேனே. என்னைய மன்னிச்சிரும்மா."

லாரி வந்துவிட்டது. வீட்டுக்காரர் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லக்கா" என்றேன்.