மூன்றாவது சக்கரம்

"போதும்! மேல ஏறு!" சைக்கிள் டிராக்கின் நடுவே நின்று கோச் கோதண்டராமன் கத்தினார்.

குளோரியா ஏறவில்லை. எட்டாவது சுற்று முடிந்திருந்தது. இன்னும் அரைச் சுற்று காற்றைத் தன் முகத்தில் வாங்கி மற்ற மூவரையும் இழுத்தாள். பிறகு சிமெண்ட் சரிவில் மேலே ஏறி வழிவிட்டாள். தர்ஷினி, லீனா, ஸ்னேஹா கீழே கடந்து போனார்கள். அவள் வேலை முடிந்தது.

மூன்று வருடமாக இதுதான் வேலை. நால்வர் பந்தயம், பன்னிரண்டு சுற்று. மூன்றாவதாக வருபவளின் முன் சக்கரம் கோட்டைத் தொடும்போது நேரம் எடுப்பார்கள். நான்காவது ஆள் வரத் தேவையில்லை. அதனால் கோதண்டராமன் அவள் பலத்தை முதலிலேயே எரித்துவிடுவார். முடிவுக் கோட்டில் எடுத்த படங்களில் எல்லாம் மூன்று பேர்தான். "நீ எங்கடி?" என்று அம்மா நோரா ஃபோனைப் பெரிதாக்கித் தேடுவாள். "பின்னால இருக்கேன்மா."

குளோரியாவுக்கு ஆஸ்டின் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலை. நவம்பரில் இருபத்தைந்து வயது முடிகிறது. அதற்குள் தேசியப் போட்டிச் சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இன்று ஐந்து நிமிடம் இருபது விநாடிக்குள் வந்தால் நால்வரையும் அனுப்புவார்கள். நான்காவது ஆளுக்கும் சான்றிதழ் உண்டு.

அவள் பெடலைத் தளர்த்தினாள். முன்னால் ஒரு பஸ் நீளத்தில் ஸ்னேஹா திடீரென்று சரிவில் ஏறினாள். வாய் மூடியிருந்தது. மூச்சு வாங்கவில்லை.

கீழே இரண்டு பேர்தான்.

"குளோரியா! போ! புடி அவங்கள! பேகா, பேகா! சீக்கிரம்!"

இனி மூன்றாவது சக்கரம் அவளுடையது. எழுந்து நின்று மிதித்தாள். தொடைகள் கேட்கவில்லை. பஸ் நீளம் இரண்டு பஸ் நீளமானது. கடைசி வளைவில் கண் இருட்டியது. கோட்டைத் தாண்டியதும் வாந்தி எடுத்தாள்.

ஐந்து நிமிடம் இருபத்து நான்கு.

"நாலு செகண்ட்," என்றார் கோதண்டராமன். "உன்னால போச்சு."

"எட்டரை சுத்து நான்தானே சார் இழுத்தேன்?"

"எட்டரை யாரு கேட்டா? எட்டுல ஏறுன்னேன். டைம் யார் சக்கரத்துல எடுத்தாங்க, ஸ்னேஹா சக்கரத்துலயா?"

ஸ்னேஹா வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "தொடை புடிச்சிக்கிச்சுக்கா. சாரி." தோலைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு கேலரிப் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள்.

"தொடை புடிச்சவ ஏறுற அழகப் பாரு," என்றாள் லீனா.

"சும்மா இரு லீனா," என்றார் கோதண்டராமன். "நாளைக்கு அவளுக்குத் தனி ரேஸ் இருக்கு."

குளோரியா அவரைப் பார்த்தாள். அவர் ஸ்டாப்வாட்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தனிப் பந்தயம். புறப்படும்போது சைக்கிளைப் பிடித்து நிறுத்துபவர் வரவில்லை. "நீ புடி," என்றார் கோதண்டராமன். குளோரியா ஒரு கையால் சீட்டையும் மறு கையால் ஹேண்டில்பாரையும் பிடித்தாள்.

"நேரா புடிக்கா, ஆடுது," என்றாள் ஸ்னேஹா.

நேராகப் பிடித்தாள். ஐந்துவரை எண்ணினார்கள். கையை எடுத்தாள். ஒன்பது சுற்று, மூன்று நிமிடம் ஐம்பத்தெட்டு விநாடி. ஸ்னேஹா முதலிடம். தேசியப் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை மட்டும் எழுதினார்கள். கோதண்டராமன் லட்டு கொடுத்தார். குளோரியா ஒன்று எடுத்துக்கொண்டாள். டிராக் இருந்த சந்தாபுராவிலிருந்து பதினொன்றரை மணி பஸ். இரண்டு மணிக்கு கிளினிக்கைத் திறந்தாள். முதல் டோக்கன் ஒரு கடைவாய்ப்பல்.