விடியற்காலைத் தண்ணீரும் குளோரின் டப்பாவும்

பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரூராட்சியில் நான் பொறியாளராக இருந்தபோது, குடிநீரில் குளோரின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி வாங்கச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்தது. மாதிரிக்கு என்று என் மேசைக்கு இரண்டு கருவிகள் வந்து சேர்ந்தன. ஒன்று, தண்ணீர்த் தொட்டிக்கடியில் சுவரில் மாட்டுகிற பெரிய மீட்டர். நாள் முழுக்கச் சிவப்பு எழுத்தில் அளவைக் காட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. அதிலுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டு விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குளோரின் கூடக்கூட மஞ்சளும் கூடும்.

தலைவருக்குப் பெரிய மீட்டர்தான் பிடித்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் தொட்டியில் கல்வெட்டு மாறுகிற ஊர் அது. மீட்டர் என்றால் விழா எடுக்கலாம், பக்கத்தில் பெயர் பொறிக்கலாம். சோப்பு டப்பாவுக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? எனக்கும் மீட்டர் மேல்தான் ஆசை. படித்த படிப்புக்கு அதுதான் மரியாதை என்று ஒரு நினைப்பு.

எதிர்த்தவர் ஒரே ஒருவர், கடைசி வார்டு உறுப்பினர் அம்மா. பெண்களுக்கு இட ஒதுக்கீடு வந்த புதிதில் ஜெயித்தவர். அதுவரை நடவு வேலைக்குப் போனவர். பண்ணை நிலத்தில் குடியிருந்து, கூலிக்கும் மனைப்பட்டாவுக்கும் வருஷக்கணக்கில் போராடி நிலைத்த தெரு அவருடையது. பட்டா வந்தது, பின்னாலேயே குழாயும் வந்தது. ஆனாலும் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. தொட்டியில் என்ன காட்டினால் எங்களுக்கென்ன, எங்கள் குழாயில் வைத்துப் பார்க்கிற கருவிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். பிள்ளைகளைக் கை கழுவச் சொல்லுங்கள் என்று எரிந்து விழுந்தேன். அப்போதெல்லாம் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அவர் அசரவில்லை.

"பத்து மணிக்கு வந்து பாக்குறீங்க சார். எங்க தெருவுக்கு விடியக்காலைத் தண்ணி ஒண்ணுதான் எட்டுது. அப்ப வந்து பாருங்க."

இவர் வாயை அடைத்துவிடலாம் என்று மறுநாள் விடியற்காலையில் அந்த டப்பாவோடு போனேன். குழாயடியில் குடங்களை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்கள். தண்ணீர் பிடித்து, சொட்டு விட்டு, குலுக்கிப் பார்த்தேன். நிறம் துளிக்கூட மாறவில்லை. மருந்து கெட்டுப்போயிருக்கும் என்று சமாளித்துவிட்டு இன்னும் இரண்டு முறை பார்த்தேன். அதே கதைதான். அந்தம்மா தன் குடத்தைக் குழாய்க்கடியில் நகர்த்தி வைத்தார், அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அங்கிருந்து நேரே தொட்டிக்குப் போய், தண்ணீர் திறந்துவிடுகிறவரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பயந்ததாகத் தெரியவில்லை, ஆச்சரியமாகத்தான் பார்த்தார். இரவு ஏற்றும் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போடுவதே இல்லையாம். விடியற்காலைத் தண்ணீர் போய் முடிந்ததும் மறுபடி ஏற்றுவாராம், பவுடர் அதில்தானாம். எவன் சொல்லி இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன்.

"நீங்கதான் சார். வந்த புதுசுல, காப்பில மருந்து வாடை அடிக்குதுன்னு என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினீங்களே. அதுலேர்ந்து காப்பித் தண்ணியில நான் கை வைக்கிறதே இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொன்னது உண்மைதான். கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவனுக்குக் காலைக் காப்பி கெட்டால் உலகமே கெட்ட மாதிரி. கத்திவிட்டு நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். அவரோ மூன்று வருஷமாக அதை அதிகாரியின் உத்தரவாகக் காப்பாற்றி வந்திருக்கிறார். ஊரில் எல்லார் வீட்டுக் காப்பியும் மணத்ததால் புகார் சொல்லவும் ஆளில்லை.

அவருக்கு ஒரு மெமோ கொடுத்து நான் தப்பித்திருக்கலாம். பொய் சொல்வானேன், முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேரூராட்சிக் கூட்டத்தில் அந்தம்மா எதிரே உட்கார்ந்திருந்தபோது, தண்ணீர் திறப்பவர்மேல் பழி போட வாய் வரவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். தலைவர் மேசையைத் தட்டிச் சிரித்தார், எல்லாரும் சிரித்தார்கள். அந்தம்மா சிரிக்கவில்லை.

"என் பேத்தி பத்து நாள் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில கிடந்துச்சு சார்," என்றார், குரலை உயர்த்தாமல்.

அவமானத்தில் என் காது இரண்டும் சுட்டன. அதற்குமேல் யாரும் மீட்டர் பேச்சை எடுக்கவில்லை. டப்பா வாங்கவே தீர்மானம் ஆயிற்று. யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்தது. நிறத்தைச் சரியாகப் பார்க்கப் பயிற்சி வேண்டும் என்று நான் இழுத்தேன். மஞ்சளில் கூடக்குறைச்சல் பார்க்கப் பெண்களுக்கா சொல்லித்தர வேண்டும் என்று சொல்லி, டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார் அந்தம்மா.

மறுநாள் ஐந்தரைக்கு என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. டப்பாவோடு நின்றிருந்தார். இனி தினமும் முதல் சோதனை உங்கள் வீட்டுக் குழாயில்தான், அப்புறம்தான் எங்கள் தெரு என்றார். சொட்டு விட்டதும் இளமஞ்சள் பரவியது. அந்தச் சந்தோஷத்தில் என் மனைவி அவருக்கும் எனக்கும் காப்பி கொண்டுவந்தாள். அதில் மருந்து வாடை நன்றாகவே அடித்தது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களும் குடிங்க சார்," என்றார்.

சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.