திமிங்கிலம் பார்க்க இடம் பிடித்தவன்

தேக்கா உணவங்காடியில் ஒரு டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டால் அந்த மேசை நம்முடையது. நிதானமாகப் போய் பிரியாணிக்கு வரிசையில் நிற்கலாம். வேறு யாரும் உட்கார மாட்டார்கள். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, உலகம் முழுக்க இதுதான் சட்டம் என்று நினைப்பு.

சென்ற ஆண்டு மனைவியும் நானும் இந்தோனேசிய எரிமலைத் தீவுகளைச் சுற்றும் சின்னக் கப்பல் ஒன்றில் போனோம். அவளுக்குத் திமிங்கிலம் பார்க்க வேண்டும். கல்யாணமான புதிதிலிருந்து கேட்கிறாள். வேலை, வீவக அடுக்குமாடி வீடு, பிள்ளைகளின் பரீட்சை என்று நான் ஓய்வு பெறும்வரை இழுத்தடித்துவிட்டேன். ஆறு நாள் பயணத்தில் திமிங்கிலம் வரக்கூடிய இடத்தில் கப்பல் நிற்பது ஒரே ஒரு காலைதான் என்றார் வழிகாட்டி.

விடுவேனா? அன்று விடியும்போதே மேல்தளத்துக்கு ஓடி, முன்வரிசை நாற்காலிகள் இரண்டில் தலா ஒரு டிஷ்யூ பாக்கெட் வைத்தேன். எதிரே எரிமலை புகைந்துகொண்டிருந்தது. அதை ஏறெடுத்தும் பார்க்காமல் கீழே போய் இரண்டு தட்டு நாசி கோரெங் வறுத்த சோற்றை முடித்தேன்.

மனைவியோடு திரும்பி வந்தால், என் நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். என் டிஷ்யூவிலேயே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். யாரோ புண்ணியவான் எல்லாருக்குமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தாராம். எனக்கு வந்ததே கோபம்!

"விடுங்க, நின்னுக்கிட்டே பார்க்கலாம் லா," என்று மனைவி கம்பியோரம் போய்விட்டாள்.

நான் விடவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, டிஷ்யூவின் சட்டதிட்டங்களை ஆங்கிலத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து என்னைத் தாண்டி ஓடினார். ஜெயித்துவிட்டோம் என்று நான் ஜம்மென்று உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எல்லாரும் கூச்சலிட்டார்கள். நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிந்தது வரிசையாக முதுகுகள் மட்டும்தான். முண்டியடித்துப் போய்ப் பார்த்தபோது தண்ணீரில் கொஞ்சம் நுரை இருந்தது. மனைவியும் அந்த அம்மாளும் கையைக் கோத்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேங்க, ரெண்டு தடவை. கொஞ்சம் இருன்னீங்க." கோபமே இல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "இந்தத் தடவை நான் காத்திருக்கலைங்க."