அளவு வாரியாக அடுக்கிய கற்கள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மழைக்காலம் முடிந்த ஒரு சனிக்கிழமை. ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து இருபது பேரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, வேப்பனப்பள்ளியைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஓர் இருளர் குடியிருப்புக்குப் போனேன். அவர்களுடைய ஊற்றைச் சுற்றி உண்ணிச்செடி என்ற களைப்புதர் மண்டிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுக்க, அவர்களோடு சேர்ந்து ஒரு நாள் தன்னார்வப் பணி. ஏற்பாடு முழுக்க என் தலையில்.

காலையிலிருந்தே எனக்கு எரிச்சல்தான். ஏழு மணி பஸ் எட்டரைக்குக் கிளம்பியது. பேனரை மறக்காமல் எடுத்து வந்தவர்கள் கையுறையை மறந்துவிட்டார்கள். இறங்கியதும் ஆளாளுக்கு செல்ஃபி. சரி, ஊர்க்காரர்களாவது சுறுசுறுப்பாக இருப்பார்கள் என்று பார்த்தால், முதலில் ஊற்றுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வர வேண்டுமாம். அப்புறம் ஒவ்வொரு புதராக நின்று பார்த்து, இதை எடுக்கலாம், இதில் குருவிக்கூடு இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஒரே பேச்சு. மணி பதினொன்றரை ஆகியும் நாலு செடி வெளியே வரவில்லை.

எங்களுக்கு வேலை காட்டியவர் என் வயதுள்ள ஒரு பெண்மணி. நான் அவசரப்படுத்தியதும் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "வெடுக்குனு இழுத்தா வேரு உள்ளயே நின்னுரும்மா. அடுத்த மழைக்கு ஒண்ணு பத்தா கெளம்பும்." நியாயம்தான். ஆனால் என் கண் கைக்கடிகாரத்தில் இருந்தது. அவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார். கடப்பாரை கிடைக்காத ஐந்து பேரும் நானும் ஊற்றருகே புங்க மரத்தடியில் சும்மா நின்றோம்.

சும்மா நிற்பது எனக்கு ஆகாது. தொழிற்சாலையில் 'ஃபைவ் எஸ்' என் பொறுப்பு. வேண்டாததைக் கழித்து, வேண்டியதைத் துடைத்து, வரிசையாக வைக்கும் முறை அது. ஒரு ஸ்பேனர் இடம் மாறியிருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அந்த மரத்தடியிலோ சருகுக்கும் களைக்கும் நடுவே கைப்பிடி அளவுக் கற்கள் கன்னாபின்னாவென்று கிடந்தன. விடுவேனா? சருகைக் கூட்டச் சொன்னேன். கற்களை ஊற்றுத் தண்ணீரில் கழுவி, பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று வரிசையாக அடுக்க வைத்தேன். சில கற்களில் ஒட்டியிருந்த மஞ்சளைக்கூடத் தேய்த்துக் கழுவினோம். அன்று உருப்படியாக நடந்த ஒரே வேலை என்று போட்டோவும் எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் குடிக்க இறங்கி வந்த அந்தப் பெண்மணி அதைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏம்மா, இதுல எங்க ஊட்டுக்காரரு எங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் பின்னால் வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் விளக்கினார். அவர்களில் யாராவது இறந்தால், ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்து வந்து அந்த மரத்தடியில் வைப்பார்கள். பண்டிகைக்கு அதன் முன்னால் சோறு படைப்பார்கள். பெயர் எழுதும் வழக்கமில்லை. யார் பக்கத்தில் யார் என்ற இடம்தான் அடையாளம்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை, கோபம். ஒரு பலகையாவது வைத்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். "எங்காளுங்கள எங்களுக்குத் தெரியும். பலக யாருக்கும்மா?" என்றார் அந்தப் பெண்மணி.

குடியிருப்பே இறங்கி வந்தது. ஒவ்வொரு கல்லாகக் கையில் தூக்கிப் பார்த்தார்கள், தடவிப் பார்த்தார்கள். இது என் மாமியார், இவருக்கு இந்தப் பக்கம் தங்கச்சி என்று பேசிப் பேசி, இரண்டு இடத்தில் சண்டையும் போட்டு, பழைய இடத்தில் வைத்தார்கள். நாங்கள் குந்தி உட்கார்ந்து கல் எடுத்துக் கொடுத்தோம். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அன்று முதல் தடவையாக நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

கடைசியில் இரண்டு கற்கள் மிஞ்சின. ஒன்று அந்தப் பெண்மணியின் கணவருடையது. மற்றது, செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்ட ஒரு வீட்டாருடையது. அடையாளம் சொல்ல அவர்களில் யாருமில்லை. அவர் ஒரு கைக்கு ஒன்றாக வைத்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டும் ஒரே கனமாத்தான் கீது," என்றார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "ரெண்டு பேருக்கும் சோறு வெச்சிர்றேன். வுடு."

நான் மன்னிப்புக் கேட்டேன். தலையாட்டிவிட்டு, கடப்பாரையை என் கையில் கொடுத்தார். பொழுது சாயும் வரை நான் நாலு செடி தோண்டினேன், வேர் அறாமல்.

இப்போதெல்லாம் தொழிற்சாலையில் எதையும் 'வேண்டாதது' என்று ஒதுக்கும் முன், இது யாருடையது என்று நாலு பேரிடம் கேட்கிறேன். மேடம் மாறிவிட்டார் என்கிறார்கள். மாறி என்ன பயன்? அந்த இரண்டு கற்களில் எது தன் கணவர் என்று அவருக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.