பாப் பாட்டும் ஒரு பரீட்சையும்

ஜெயசித்ராவுக்கு அந்தப் பாட்டு முதலில் வெறும் தாளமாகத்தான் அறிமுகமானது. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓடும் வீட்டில் பாட்டின் சொல் எங்கே காதில் விழும்? டேப் ரெக்கார்டரை அலறவிட்டுத்தான் ஆடிப் பழகினாள். சொற்கள் பிடிபட்டபோது பெரிதாக ஒன்றுமில்லை. ஐஸ்கிரீம், மழை, சைக்கிள், நடுநடுவே லாலா. சினிமாப் பாட்டுகூட இல்லை; கலர் சட்டை போட்ட பட்டணத்துப் பையன்கள் பாடிய பாப் பாட்டு. பபிள்கம் போல மென்று துப்பிவிட்டுப் போகவேண்டிய சங்கதி.

பிளஸ் டூ ஆண்டு விழாவில் அந்தப் பாட்டுக்குத் தனியாக ஆடினாள். அடுத்து, அதே கேசட்டின் வேறொரு பாட்டுக்கு வகுப்புத் தோழன் பேச்சிராஜாவும் கூட்டாளிகளும் ஆடினார்கள். மறுநாள் பேச்சிராஜா அவளுடைய அண்ணன் காசியைத் தேடிப் போனான். "ஒங்க தங்கச்சி மேடையில ஆடுதா. பயலுவ விசிலடிக்கானுவ. பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான். முதல் விசில் தன்னுடையது என்பதை மட்டும் சொல்லவில்லை.

இனிப் போக வேண்டாம் என்றான் காசி; அத்தோடு அவளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. பரீட்சைக்கு வந்த ஹால் டிக்கெட் வாங்க ஆளில்லாமல் பள்ளியிலேயே கிடந்தது. ஆனி மாதம் தாய்மாமன் மகனுக்குக் கட்டிவைத்தார்கள். இன்றுவரை கூலிக்குத் தறி ஓட்டுகிறாள். பேச்சிராஜா பரீட்சை எழுதினான், காலேஜ் போனான், டைல்ஸ் கடை வைத்தான். பையன் ஆடினால் கலைநிகழ்ச்சி. பெண் ஆடினால் குடும்பத்து மானம். மானத்தைக் கொண்டுபோய் ஒரு பெண்ணின் காலில் கட்டிவைத்தவர்கள் யாரும் தங்கள் காலைக் குனிந்து பார்த்ததில்லை.

இந்த வருடம் அந்த பேட்ச் மாணவர்கள் திருமண மண்டபம் பிடித்துச் சந்தித்தார்கள். ஏற்பாடு பேச்சிராஜா. வாட்ஸ்அப் குழுவில் தினமும் பழைய பாப் பாட்டாகப் போட்டுத் தள்ளினான். 'அந்தக் காலம் திரும்ப வருமா' என்று உருகினான். ஜெயசித்ராவுக்கும் கேட்கக் கேட்க உடம்பு ஆடியது. கூடவே எழுதாத பரீட்சையும் ஞாபகம் வந்தது. நானும் ஆடுகிறேன் என்று எழுதினாள். உடனே பேச்சிராஜாவின் போன் வந்தது.

"குடும்பத்தோட வாராங்க. லேடீஸ் ஆட வேண்டாமே. நீ வாசல்ல சந்தனத் தட்டு பிடிச்சுக்கோ, என்ன?"

வந்தவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளித்து, சந்தனமும் கல்கண்டும் நீட்டினாள். உள்ளே ஒரே நிறத்தில் டீஷர்ட் போட்ட தொந்திகள், அவள் அன்று ஆடிய அதே பாட்டுக்குக் குதித்துக்கொண்டிருந்தன. ஒரே மாதிரி சேலை கட்டிய பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினார்கள். பாட்டு முடிந்ததும் பேச்சிராஜா மைக்கைப் பிடித்தான்.

"எந்தக் கவலையாவது இருந்துச்சா நமக்கு அப்போ?"

ஜெயசித்ரா தட்டை நாற்காலியில் வைத்தாள். பக்கத்தில் இருந்த சுகிர்தா, அன்று ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், கையைப் பிடித்தாள். "ஏட்டி, எங்கன போற?"

"கவலையக் கேக்கான்லா. சொல்லிட்டு வாரேன். நீ போன்ல வீடியோ எடு."

மேடையேறி மைக்கை வாங்கினாள். "எனக்கு இருந்துச்சு பேச்சிராஜா. இந்தப் பாட்டுக்கு ஆடுனேன்னு நீ எங்கண்ணங்கிட்ட போய்ச் சொன்ன. நான் பரீச்ச எழுதல."

அவன் சிரிக்கப் பார்த்தான். "சின்னப் புள்ளையில வெளையாட்டா ஏதோ…"

"வெளையாட ஒனக்கு என் பரீச்சதான் கெடச்சுதா? எறங்கு கீழ."

டீஷர்ட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. சவுண்ட் செட்காரரிடம் முதலிலிருந்து போடச் சொன்னாள். ஆடினாள். நடுவில் அடி மறந்தது, மூச்சு வாங்கியது, சேலைக் கொசுவம் தடுக்கியது. எல்லாவற்றையும் ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு கடைசி லாலா வரை ஆடினாள். யாருக்கும் எந்தச் சேதமும் ஆகவில்லை. இவ்வளவுதான் அந்த ஆட்டம். இதற்காகத்தான் ஒரு படிப்பை முறித்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் பேச்சிராஜா வாளியோடு வந்து குனிந்தான். "மனசுல வச்சுக்கிடாத."

"வேற எங்க வைக்க? சாம்பார ஊத்து."

இரண்டு நாள் கழித்து விழா வீடியோ குழுவில் வந்தது. ஆசிரியர்களுக்குப் பொன்னாடை இருந்தது, பந்தி இருந்தது, தொந்திகளின் குதியாட்டம் முழுதாக இருந்தது. அவள் இல்லை. ஏன் என்று எழுதப் போனால், அட்மின் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்று வந்தது. பேச்சிராஜாவைப் போனில் பிடித்தாள்.

"ஒன் நல்லதுக்குத்தான் எடுத்துட்டேன்" என்றான். "ஒங்க வீட்டுக்காரரு பாத்தா சங்கடம்லா."

இத்தனை வருடம் கழித்தும் இவன் அவளுக்குக் காவல்.

"எனக்கு எது சங்கடம்னு அன்னைக்கும் நீதான் சொன்ன, இன்னைக்கும் நீதான் சொல்லுத. ஒன்கிட்ட யாரு கேட்டா?"

சுகிர்தா எடுத்த வீடியோவை ஜெயசித்ரா தன்னுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். மாலைக்குள் பார்த்தவர்கள் வரிசையில் காசியின் பெயர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"ஏட்டி, பேரன் எடுக்கப்போற வயசுல என்ன இது. அத எடுத்துரு. ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"நாஞ் சொல்லுதேன்லா?"

"அன்னைக்குச் சொன்ன, கேட்டேன். இத எடுக்க மாட்டேண்ணே."

அவன் மறுபடி ஏதோ ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டு, நூலறுந்து நின்ற தறியைப் பார்க்கப் போனாள்.